சேவை மாமாவும் பன்னிரண்டாவது பூச்சும்

பிறருக்கு நல்லது செய்யாமல் இருக்கவே முடியாத ஓர் இனம் உண்டு. தான் செய்வது போதாதென்று அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் இழுத்துவந்து செய்யவைக்கும் அதன் உட்பிரிவுக்குச் சேவை மாமா என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் விசில், கக்கத்தில் பேனர், இப்போதுதான் யாரையோ கிணற்றிலிருந்து தூக்கிவிட்டு வந்தது போன்ற முகம்.

சனிக்கிழமை காலையில், தூக்கம் கலையாத நகரத்துப் பிள்ளைகளை வேனில் அள்ளிப்போட்டு, ஆளுக்கொரு மஞ்சள் பனியனைத் தலைவழியே மாட்டி, பனியன் பெரிதாக இருக்கிறதென்று முனகும் பையனிடம் சேவையென்றால் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்குமென்று தேற்றி, உயரமானவர்களாகப் பார்த்து பேனரைப் பிடிக்கவைத்து, எல்லாரையும் சிரிக்கச் சொல்லிப் படமெடுத்து முடிப்பதற்குள் மாமாவின் கணக்கில் பாதிச் சமூகம் திருந்திவிட்டிருக்கும். மீதிப் பாதிக்குத்தான் யாராவது கஷ்டப்படுகிறவர்கள் வேண்டும்.

அங்கேதான் சிக்கல். மாமாக்கள் பெருகிவிட்டார்கள், கஷ்டப்படுகிறவர்களுக்குத் தட்டுப்பாடு. அன்று பூங்காவுக்குப் போனால், போட்டி மாமா ஒருவரின் பச்சைப் பனியன்கள் குப்பை மொத்தத்தையும் பொறுக்கிவிட்டு, இரண்டு பேராக ஒரே சருகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேனை முதியோர் இல்லத்துக்குத் திருப்பினார் மாமா. அங்கே குழு குழுவாக வந்து நகம் வெட்டிவிட்டுப் போனதில், யாருக்கும் சொறிந்துகொள்ளக்கூட நகம் மிச்சமில்லை.

ஆனால் சுவர் இருந்தது. சுவர் வேண்டாமென்று சொல்லாது. கூடத்துச் சுவருக்கு ஏற்கெனவே பதினோரு பூச்சு. அது உள்பக்கமாகவே பருத்து, சுவிட்சுகள் தொப்புள் போலக் குழிந்து, கூடத்தில் ஒரு கட்டில் போடும் இடத்தை விழுங்கியிருந்தது. மாமா பெயின்ட் டப்பாக்களை இறக்கினார். சாயங்காலம் பிள்ளைகளின் பள்ளித் தலைமையாசிரியை நேரில் வருகிறார். செய்த வேலை அவருக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்கப் பிள்ளைகள் இவருக்கு. இல்லாவிட்டால் பச்சைப் பனியனுக்கு. மாமாவால் அதைக் கற்பனை செய்யவே முடியவில்லை. பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமையில் அவர் யார்?

ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, சுவரு நல்லாத்தான் இருக்கு. இந்த ஜன்னலக் கொஞ்சம் தெறந்து குடுத்தீங்கன்னா போதும். பெயின்ட்ல ஒட்டிக்கிச்சு. காத்தே வரல."

மாமா கனிவாகச் சிரித்தார். வயதானவர்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டுமென்று எப்போது தெரிந்திருக்கிறது?

"பண்ணிடலாம்யா. மொதல்ல உங்களுக்கு என்ன கலரு பிடிக்கும், சொல்லுங்க."

"எனக்குக் காத்துதான் பிடிக்கும்."

வெளிர்நீலம் என்று முடிவு செய்தார் மாமா.

பிள்ளைகளிடம் பிரஷ்களைக் கொடுத்துவிட்டு, தலைமையாசிரியையை வரவேற்க வாசலுக்குப் போனவர், அங்கேயே வரவேற்புரையை ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். விருந்தாளியோடு திரும்பி வந்தபோது சுவரில் ஒரு சொட்டு நீலம் இல்லை. பிள்ளைகள் பதினோரு பூச்சையும் சுரண்டி, தலையெல்லாம் பெயின்ட் செதில்களாக நின்றார்கள். ஜன்னல் திறந்திருந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு, போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் மட்டும் கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்திருந்தார்.

மாமா ஓடிப்போய்ச் சுவரைத் தடவினார். சுவர் என்னவாயிற்று என்று கேட்டார்.

"அவரு ஜன்னலத்தானே கேட்டாரு, அங்கிள்?" என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

தலைமையாசிரியை காற்றில் முடி பறக்க நின்றார். இப்படியொரு சேவையைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அடுத்த வாரம் இன்னொரு வகுப்பை அனுப்புவதாகவும், அவர்களும் ஒரு ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கூடத்தில் இருந்ததோ ஒரே ஜன்னல்.

வேன் போனதும் மாமா பிரஷை எடுத்தார். ஜன்னலை அழுத்திச் சாத்தி, இடுக்கு விடாமல், தாய் பிள்ளைக்குத் தலை வாருவது போலப் பொறுமையாகப் பூசினார்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"அடுத்த சனிக்கிழமை தெறந்துவிடப் பிள்ளைங்க வர்றாங்கய்யா. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

சிரிக்கிறீர்கள். சரி, கடைசியாக நீங்கள் ஒருவருக்கு உதவினீர்களே, அவர் கேட்டது என்ன? யோசிக்க வேண்டியிருக்கிறதா? நீங்கள் கொடுத்தது மட்டும் யோசிக்காமலேயே நினைவுக்கு வருகிறதா? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். மாமா உங்கள் பக்கத்தில்தான் உட்கார ஆசைப்படுகிறார்.