முன் படம், பின் படம்

நாகரிகம் எங்கே தொடங்கியது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நெருப்பு என்கிறார் ஒருவர். சக்கரம் என்கிறார் இன்னொருவர். பாவம், இருவரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்ததில்லை. செல்போனின் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் படம் எடுக்க மனிதன் எந்த நாளில் கற்றுக்கொண்டானோ, அந்த நாளில்தான் நாகரிகம் தொடங்கியது. அதற்கு முன் நடந்ததெல்லாம் ஒத்திகை.

எங்களுடையது குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம். பழைய அடுக்குமாடிகளில் குழாய் ஒழுகினால், கதவு தொங்கினால், படிக்கட்டு உடைந்தால் சரிசெய்வது எங்கள் பொறுப்பு. நான் அங்கே எழுத்தர். காட்டுமிராண்டிக் காலத்தில் வேலை எப்படி நடந்தது தெரியுமா? குடியிருப்பவர் புகார் சொல்வார். ஆள் போய்ச் சரிசெய்வார். குழாய் ஒழுகாது. அவ்வளவுதான். அழகுணர்ச்சி மருந்துக்கும் கிடையாது.

பிறகு புது மேலாளர் வந்தார். ‘செல்போனில் சிறந்த படம் எடுப்பது எப்படி’ என்ற பயிற்சி முகாமில் கலந்துகொண்டு, சான்றிதழோடு வந்தவர். அதற்குக் கண்ணாடி போட்டு, தீயணைப்புக் கருவி தொங்கிய ஆணியில் மாட்டினார். கருவி இப்போது கீழே கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. வந்த சூட்டோடு ஒரு விதி பிறந்தது: ஒவ்வொரு பழுதுக்கும் ‘முன் படம்’ ஒன்று, ‘பின் படம்’ ஒன்று. இரண்டும் ‘தரமாக’ இருந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

தினமும் காலையில் எங்களுக்குப் பயிற்சி.

“முழங்கையை விலாவோட ஒட்டு! மூச்சைப் பிடி! ஜூம் பண்ணாதே, காலை நகர்த்து! வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் இருக்கணும்!”

“சார், தண்ணித் தொட்டிக்குள்ள வெளிச்சமே கிடையாதே” என்றார் பிளம்பர்.

“அப்ப தொட்டியை வெளிய கொண்டா.”

இப்படிப்பட்ட தெளிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இந்தப் பொற்காலத்தில்தான் என் அக்கா குடியிருக்கும் கட்டடத்தில் மூன்றாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடி உடைந்தது. அக்கா வீட்டுக்காரருக்கு முழங்கால் சரியில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் தினம் காலையில் இறங்கி, தெருமுனைக் கடையில் ஒரு டீயும் ஓசிப் பேப்பருமாக உலகத்தோடு உறவு கொண்டாடிவிட்டு ஏறுவார். அந்தக் கம்பி போனதும் உலகமே போய்விட்டது.

“டேய், நீ அந்த ஆபீஸ்லதானே பெஞ்சைத் தேய்க்கிற?” என்றாள் அக்கா போனில். “ஒரு கம்பியை ஒட்ட வைக்க உனக்குத் துப்பில்லையா? இந்த மனுஷன் வீட்டுக்குள்ளயே உக்காந்துகிட்டு, நான் வெங்காயம் நறுக்கறதுக்குக் கருத்துச் சொல்றாரு.”

வெல்டரை அனுப்பினேன். மனிதர் ஒரே மத்தியானத்தில் ஒட்டிவிட்டார். நானே போய் ஆட்டிப் பார்த்தேன்; கட்டடம் ஆடினாலும் அது ஆடாது. மாமா சீட்டியடித்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். அக்கா என்னைப் பார்த்து, “பரவாயில்லடா” என்றாள். என் வாழ்நாளில் அவளிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் ‘பின் படத்தை’ச் சுவரில் பெரிதாகக் காட்டினார்.

“இது என்ன?”

“கைப்பிடி சார்” என்றார் வெல்டர்.

“எங்க இருக்கு?”

“அந்தக் கட்டைவிரலுக்குப் பின்னாடி சார்.”

“யாரோட கட்டைவிரல்?”

“என்னோடதுதான் சார்.”

“ஒரே இருட்டு. சாய்ஞ்சு வேற இருக்கு. இதுல என்ன ரிப்பேர் ஆச்சுன்னு நான் நம்பறது?”

“கம்பி கல்லு மாதிரி நிக்குது சார். ஒரு நடை வந்து ஆட்டிப் பாருங்க.”

“மூணு மாடி ஏறி நானே பார்க்கணும்னா படம் எதுக்குய்யா?”

இந்தக் கேள்வியை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

“சரி சார், இன்னொரு பின் படம் எடுத்துட்டு வந்துடறேன்.”

“முன் படம்? அதுவும் கும்மிருட்டா இருக்கே?”

“அதை எப்படி சார் இப்ப எடுக்கறது? அதான் சரியாயிடுச்சே!”

“அதுதான் பிரச்சினை” என்றார் மேலாளர்.

அவர் முகத்தில் ஒரு ஒளி பரவியது. ‘பழுது மீட்டமைப்பு’ என்ற உயர்ந்த தத்துவம் அந்தக் கணத்தில்தான் அவதரித்தது. சரிசெய்ததை அதன் ‘மூல நிலைக்கு’க் கொண்டுவந்து, முறையாக முன் படம் எடுத்து, மறுபடி சரிசெய்து, முறையாகப் பின் படம் எடுப்பது. உத்தரவை எழுதியவன் நான். ‘மேற்படி கைப்பிடியின் இயல்பான உடைவை மீண்டும் ஏற்படுத்தி’ என்ற வாக்கியத்தை இரண்டு முறை படித்து ரசித்தார் மேலாளர்.

வெல்டர் தான் ஒட்டியதைத் தானே அறுக்கப் போனார். முகம் செத்திருக்கும் என்று நினைத்தால், புதுச் சட்டை போட்டுத் தலைசீவி வந்திருந்தார். “எனக்கு இடது பக்கம்தான் எடுப்பா இருக்கும். படத்துல நான் வந்தா அந்தப் பக்கமா எடுங்க” என்றார் என்னிடம்.

அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

“என்னடா இது? ஒட்டினவரே வந்து அறுக்கறாரு?”

“தற்காலிகம்தான்க்கா. நல்ல வெளிச்சம் வந்ததும் ஒரு படம் எடுத்துட்டு உடனே ஒட்டிடுவோம்.”

“வெளிச்சம்தானே? லைட்டைப் போட்டு எடுத்துத் தொலைங்களேன்.”

“ட்யூப்லைட்ல நிழல் தட்டும்க்கா. சாயங்கால வெயில் சன்னல் வழியா சாய்வா விழணும்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சின்ன வயதில் நான் சுவரை நக்கியபோது பார்த்த அதே பார்வை.

வெயிலுக்கு எங்கள் அலுவலகத்தின் அவசரம் புரியவில்லை. நாள் கணக்கில் மேகமூட்டம். ஒருவழியாக ஒரு சாயங்காலம் வானம் தெளிந்தது. கைப்பிடியை ஆட்டிப் பார்க்க மூன்று மாடி ஏற முடியாத மேலாளர், வெயிலைப் பார்த்ததும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். லென்ஸைத் துடைத்தார். மண்டியிட்டார். முழங்கையை விலாவோடு ஒட்டினார். மூச்சைப் பிடித்தார்.

அடடா, என்ன படம்! அறுபட்ட இரும்பின் முனையில் பொன் பூசியது போல வெயில்; அதற்குக் கீழே ஆழம் தெரியாத இருட்டு. பார்த்தவுடன் விழுந்துவிடலாமா என்று தோன்றும். தலைமை அலுவலகம் அதை ஆண்டறிக்கையின் அட்டைக்குத் தேர்ந்தெடுத்தது. தலைப்பு: ‘காத்திருப்பு’.

வெல்டர் தன் சாமான்களோடு கிளம்பினார். மேலாளர் வழிமறித்தார்.

“கையை வெச்சுடாதே! தலைமை ஆபீஸ்ல இருந்து அந்த இடத்தை நேர்ல பார்க்க வர்றாங்க. போய் ஒட்டித் தொலைச்சின்னா எதைக் காட்டறது?”

“எப்ப சார் வருவாங்க?”

“வெயில் பார்த்துதான் வருவாங்க.”

மாமா எவ்வளவு நாள்தான் வெங்காயத்துக்குக் கருத்துச் சொல்வார்? ஒரு காலையில் சுவரோரமாக இறங்கிவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். திருப்பத்தில் கால் தடுமாறியபோது, பழக்க தோஷம், கைப்பிடி இருந்த இடத்தில் கையை வைத்தார். இடம் அங்கேயேதான் இருந்தது.

தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

விஷயத்தை மேலாளரிடம் சொன்னேன். அவர் நிஜமாகவே வருந்தினார். “ச்சே, பாவம்யா. விபத்துன்னு அறிக்கை கொடுத்துடு. ‘அவசரம்’னு முத்திரை போட்டு உடனே ஒட்ட வெச்சுடறேன். காலோட படம் மட்டும் வேணும்” என்றார். வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது பின் படம்யா. கட்டுதான் தெரியுது. எலும்பு உடைஞ்சதுக்கு அத்தாட்சி எங்க? முன் படம் கொண்டா.”

“கட்டுப் போட்டாச்சே சார்.”

அவர் சான்றிதழை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பழுது மீட்டமைப்பு.

அன்று சாயங்காலமே ஆறு ஆப்பிளும் செல்போனுமாக அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா சன்னலோரக் கட்டிலில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

“அக்கா, கம்பியை உடனே ஒட்டிடுவாங்க. ஒரே ஒரு சின்ன வேலைதான். டாக்டர்கிட்ட சொல்லி மாமாவோட கட்டைக் கொஞ்சம் பிரிச்சா...”

அக்கா திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

“எடுத்துக்கலாம்டா. போனைக் குடு. அப்படிச் சன்னல் பக்கம் திரும்பி நில்லு. வெளிச்சம் மூஞ்சில விழட்டும்.”

நின்றேன். அக்கா லென்ஸைத் துடைத்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஒரு படம் எடுத்து என்னிடம் காட்டினாள்.

“நல்லா விழுந்திருக்கா?”

“பிரமாதம்க்கா.”

“இது முன் படம்.”

போனை மாமா கையில் கொடுத்துவிட்டு, மூலையில் சாத்தியிருந்த அவருடைய ஊன்றுகோலை எடுத்தாள்.

“பின் படத்தை நீங்க எடுங்க. விரல் மறைக்காமப் பார்த்துக்கங்க.”

எங்கள் அலுவலகம் எத்தனையோ பழுதுகளைப் படம் எடுத்திருக்கிறது. நடுநிலையோடு சொல்கிறேன்: பழுது இவ்வளவு துல்லியமாக விழுந்த முன் படம் வேறு எதுவும் இல்லை. ஆடவில்லை, சாயவில்லை, வெளிச்சம் கச்சிதம். நட்டநடுவில், கையில் ஆப்பிள் பையோடு, சிரித்துக்கொண்டு நான்.