அண்ணன் போட்ட பிளானும் பத்து மூட்டை உமியும்

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை.
14.9.2003

பாசமும் பிடிவாதமும் சம அளவில் வாய்த்த என் அண்ணன் ஹபீப் ரஹ்மான் அவர்களுக்கு, தங்கை சாயிரா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் மச்சான் ஷாஹுலும் மிளகுக் கொடிகளும் நலம். அங்கே நீங்களும், மதினி அப்ஸானாவும், நீங்கள் வீட்டு பிளான் வரையும் மேசையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். மேசையைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு.

தோட்டத்தில் எனக்கு ஓர் ஆபீஸ் அறை வேண்டும் என்று ஏன் கேட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாமக்கல்லில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் இருப்பதோ அடுப்படி மூலையில். ஒரு கை கீபோர்டில், ஒரு கை கரண்டியில். மிளகாய் வறுத்துக்கொண்டே அடித்ததில் 'அனைவரும் வருக' என்பது 'அனைவரும் வறுக' என்றாகி, ஆயிரம் பத்திரிகை அச்சாகி, ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போனவர்கள் எதை வறுத்தார்களோ தெரியாது, முதலாளி போனில் என்னை வறுத்தார். "இன்னொரு தப்பு வந்தா வேற ஆளப் பாத்துக்கறனுங்கம்மா" என்றார். மரியாதையாகச் சொன்னதுதான் அதிகம் வலித்தது. அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டு, கையில் இருக்கும் முப்பதாயிரத்துக்குள் பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஒரு சன்னல், ஒரு புத்தக அலமாரி போதும் என்று கேட்டேன்.

நீங்கள் ஒரு தடவை மலையேறி வந்து இடத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் போன ரம்ஜானுக்கு வரும்போது பதினோராவது வளைவிலேயே வாந்தியெடுத்து, இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் கீழே திரும்பிய ஆள் நீங்கள். குறை சொல்லவில்லை. பிளானையும் செலவுப் பட்டியலையும் சுருட்டி மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினீர்கள். வழியில் மழை. மூலையில் எழுதியிருந்த பேரும் ஊரும் கரைந்து மசியாக வழிந்து, கோடுகள் மட்டும் தப்பித்து வந்தன.

கொத்தனார் சின்னுசாமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளம் முப்பதடி, அகலம் பன்னிரண்டு. சுவர் இடுப்பளவுதான், அதற்கு மேலே கூரை வரைக்கும் கம்பி வலை. "ஏனுங்கம்மா, இதுல சன்னலக் காணோமுங்களே?" என்றார். "அண்ணன் நாலு பக்கமும் சன்னலாவே வெச்சிருக்காருங்க" என்றேன், உங்கள் தங்கை என்ற பெருமையோடு. பட்டியலில் அலமாரி இல்லை, மின்விசிறி இல்லை, உமி மட்டும் பத்து மூட்டை. "உமி எதுக்குங்க?" "மலைக் குளிருக்குக் கால் சில்லுன்னு ஆகாம தரையில பரப்பறதுக்குங்க." இப்படி நீங்கள் சொல்லாத காரணங்களையெல்லாம் நானே சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் உங்களுக்குப் போன் செய்தேன். நான் பேசுவதற்குள், "தாள்ல இருக்கறபடி கட்டச் சொல்லு சாயிரா, ஒரு அங்குலம் மாத்துனாலும் நான் பொறுப்பில்ல" என்று வைத்துவிட்டீர்கள். மாற்றவில்லை அண்ணே. சரிவை நிரவுவதிலேயே பாதிப் பணம் கரைந்தது. முப்பதடிக்கு இடம் காணாமல் கொடி படர்ந்த மூன்று மரங்களை வெட்டினோம். ஷாஹுல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் உமி மூட்டை தூக்க வந்தார்.

எல்லாம் முடிந்து மேசையைப் போட்டு உட்கார்ந்த அன்று, பக்கத்துத் தோட்டத்து ஆத்தாயி வலைக்கு வெளியே நின்று, "ஏனுங்க, எத்தன கோழி உடப் போறீங்க?" என்று கேட்டார். "இது ஆபீசுங்க" என்றேன் வெடுக்கென்று. "அப்படீங்களா" என்று உமியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனவர், மறுநாள் அடைக்கு உட்காரும் பெட்டை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அந்த வலைதான் என் வேலையைக் காப்பாற்றியது. ஆத்தாயியின் வீட்டுக்காரர் அர்த்தனாரி தினமும் சாயங்காலம் வலையைப் பிடித்துக்கொண்டு நின்று, திரையில் இருப்பதை எழுத்தெழுத்தாகச் சத்தம் போட்டுப் படிப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒருநாள், "ஏனுங்க, மாப்பிள்ளப் பேருக்கு முன்னால 'திருவளர்செல்வி'ன்னு போட்டிருக்குதுங்களே, நெசமாங்களா?" என்றார். பார்த்தால் நிஜம்தான்! அன்றிலிருந்து அவர் படித்து முடிக்காமல் ஒரு பத்திரிகையும் கீழே இறங்குவதில்லை. மூன்று மாதமாக ஒரு பிழை இல்லை என்று முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் ஊர்க்காரர் காளியண்ணன் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். என் அறையை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "இது என்ற கோழிக் கொட்டாயிங்க" என்றார். அவர் கையில் இருந்தது என் ஆபீஸ் பிளான்! "அண்ணன் படிச்சவரு, இது புதுமாதிரிக் கொட்டாயாக்கும்னு அப்படியே கட்டிட்டனுங்க. எம்புள்ள காலேசு லீவுக்கு வந்து மூலையில உங்க பேரப் படிச்சுச் சொன்னப்பறந்தான் தெரிஞ்சுது. கோழிக்குப் புஸ்தக அலமாரி எதுக்குன்னு அப்பவே யோசிச்சனுங்க" என்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் உமியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஷாஹுல் பயந்து ஓடி வந்தார்.

ஆகவே அண்ணே, நீங்கள் வெட்கப்பட வேண்டாம். தாள் மாற்றிக் கொடுத்தது உங்கள் கை, அதைக் கட்டி முடித்தது எங்கள் வாய். எனக்கு இந்தக் கொட்டாய் பிடித்துவிட்டது. இதைவிட்டு அசையப் போவதில்லை. நீங்களும் சமாதானம் சொல்ல மலையேற வேண்டாம், நானும் நியாயம் கேட்க இறங்கமாட்டேன். உங்கள் கண்ணுக்கு ஒளியும், மேசைக்கு ஒழுங்கும், மதினிக்கு உங்களைத் தாங்கும் வலுவும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
சாயிரா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஷாஹுல் வந்து தலையைச் சொறிந்தார். கொட்டாய் தயாராகிவிடும் என்று நம்பி காளியண்ணன் முந்நூறு குஞ்சுக்குச் சொல்லி வைத்திருந்தாராம். இருபத்துநாலாம் தேதி வருகின்றன. "அதுக்கென்னங்க, இங்கயே எறக்கிடுங்க" என்று இவர் வெள்ளிக்கிழமையே வாக்குக் கொடுத்துவிட்டார். பதிலுக்குக் காளியண்ணன், என் பிளான்படி தான் கட்டிய அறையை எனக்கு விட்டிருக்கிறார். அது உங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவாம். குஞ்சு வளர்ந்து விலைபோக நாற்பத்தைந்து நாள் ஆகும். அதனால் இருபத்துமூன்றாம் தேதி முதல் பஸ்ஸில் நானும் கம்ப்யூட்டரும் உங்கள் வீட்டுக்குத் தங்க வருகிறோம். பிழை பார்க்க ஆள் வேண்டுமே என்று அர்த்தனாரியையும், அவரைப் பார்த்துக்கொள்ள ஆத்தாயியையும் அழைத்து வருகிறேன். அவர் எதைப் படித்தாலும் சத்தமாகத்தான் படிப்பார். மதினியிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.