கத்திரி மதாமும் ஏழு சட்டைகளும்

புதுச்சேரியில் போலீஸுக்குப் பயப்படாதவர்கள் இருக்கிறார்கள். மாமியாருக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். கத்திரி மதாமுக்குப் பயப்படாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அப்படி யாராவது இருந்தால், தைத்த துணியே உடுத்தாதவராகத்தான் அவர் இருக்க வேண்டும்.

மதாமுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது கோயில் பதிவேட்டுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். முத்தியால்பேட்டையில் எங்களுக்கெல்லாம் அவர் கத்திரி மதாம். கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு சின்னக் கத்திரிக்கோல் எப்போதும் தொங்கும். பூசைக்குப் போனாலும் தொங்கும், சாவு வீட்டுக்குப் போனாலும் தொங்கும்.

நடை, உடை, மூக்கைத் தூக்கிப் பார்க்கும் பார்வை எல்லாம் நேற்றுத்தான் பாரிஸிலிருந்து வந்து இறங்கியவர் போல இருக்கும். பாரிஸை விடுங்கள், அவர் விழுப்புரத்தைத் தாண்டியதில்லை. பிரெஞ்சில் மொத்தம் ஏழு வார்த்தை தெரியும். அந்த ஏழு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஊரையே மிரட்டுவார். பிடிக்காவிட்டால் ‘நோன்’. வேலை முடிந்தால் ‘வொலா’. எங்களை விரட்ட ‘அலே, அலே’. மன்னிப்புக் கேட்க ‘பர்தோன்’ என்று ஒரு வார்த்தை உண்டாம். அது அந்த ஏழில் இல்லை.

ஒருமுறை பாங்க் வாசலில் காவலாளி அவரை மறித்தார். “ம்மா, கத்திரிக்கோலோட உள்ள போவக்கூடாது.”

மதாம் அவரை மேலும் கீழும் பார்த்து, “திரும்பு” என்றார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, திரும்பினார். சட்டை முதுகில் தொங்கிய நூலை மதாம் ஒரே வெட்டாக வெட்டினார். “இப்பிடி நூல தொங்கவுட்டுகினு நின்னா திருடன் எப்பிடிய்யா பயப்படுவான்?” என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். காவலாளி தன் முதுகைப் பார்க்க முயன்றுகொண்டே வெகுநேரம் நின்றார்.

இன்னொரு முறை கோயிலில் கல்யாணம். மணப்பெண் தரையில் புரளும் வெள்ளைக் கவுனோடு பீடத்தை நோக்கி நடந்து வருகிறாள். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்த மதாமின் கண்ணில் கவுன் விளிம்பில் ஒரு நூல் பட்டுவிட்டது. குனிந்தார், வெட்டினார். அது சும்மா தொங்கிய நூல் இல்லை, லேஸ் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்த நூல். பெண் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். நாலு முழம் லேஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மதாம் வருத்தப்பட்டாரா? “ஒரு நூல வெட்டினா மொத்தமும் கழண்டுக்குதுன்னா அதுக்குப் பேரு தையலாடி?” என்று, கவுன் தைத்தவரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்படிப்பட்டவரிடம் நாங்கள் பத்துப் பெண்கள் சனிக்கிழமைதோறும் மத்தியானம் மூன்று மணிக்கு, யாரும் கட்டாயப்படுத்தாமல், நாங்களாகவே போய் மாட்டிக்கொள்வோம். டெய்லர் கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைக் கேட்டு வாங்கி வந்து, கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, நடுவே பஞ்சு வைத்துப் போர்வையாக்குவோம். ஆஸ்பத்திரியில் எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அதைக் கொடுப்போம். இதைக் குயில்ட் என்றுதான் சொல்ல வேண்டும் என்பது மதாமின் உத்தரவு. என் மாமியார் இதைக் கந்தல் என்பார்.

மதாம் வீட்டுக் கூடத்தில் நடப்பது தையல் மட்டும் இல்லை. ஒருத்தி சுண்டல் கொண்டு வருவாள், ஒருத்தி புருஷன் மேல் புகார் கொண்டு வருவாள், இரண்டையும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வோம். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதும், கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஒருத்தி, வீட்டில் சமைக்க ஒருத்தி என்று கிளம்பிவிடுவோம்.

ஆனால் தையல் என்று வந்துவிட்டால் மதாமிடம் ஈவிரக்கம் கிடையாது. முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். “முன்னால சிரிக்கிறவ பின்னால என்னா பேசறான்னு பாக்கணும்டி” என்பார். பார்த்துவிட்டு ஒரே வார்த்தை: “பிரி.” நான் அங்கே தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். நான் பத்திரிகையில் எழுதுகிறவள் என்பதால் எனக்குக் ‘கதக்காரி’ என்று பெயர் வேறு. “கதக்காரி, நீ எழுதறதயும் யாராச்சும் பின்பக்கம் திருப்பிப் பாக்கறாங்களா?” என்று ஒருநாள் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே இன்னொரு சட்டம் உண்டு. எந்தத் துணியானாலும் துவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். துவைக்காத துணி பின்னால் சுருங்கும், சாயம் விடும், பக்கத்துக் கட்டத்தையும் கெடுக்கும். நான் ஒருமுறை சோம்பேறித்தனத்தில் ஓர் அரக்குத் துணியை அப்படியே கொண்டுபோய், “தொவச்சிட்டேன் மதாம், மாதா சத்தியமா” என்றேன். மாதா கோயிலுக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. போர்வையைத் தைத்து முடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும் முன் அலசிப் போட்டால், முப்பத்தாறு கட்டமும் பீட்ரூட் பொரியல் நிறத்துக்கு வந்துவிட்டன. அன்றிலிருந்து மதாம் எங்கள் ஒருத்தியின் வாயையும் நம்புவதில்லை. யார் எது கொண்டுவந்தாலும் அவரே கொதிநீரில் போடுவார். துவைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் இரண்டு தடவை துவைப்பார்.

இந்த நேரத்தில்தான் லூர்து அந்தச் சட்டைகளைக் கொண்டுவந்தாள்.

லூர்து எங்கள் குழுவிலேயே அதிர்ந்து பேசாதவள். அவள் கணவர் மைக்கேல் டூவீலர் மெக்கானிக். போன வருஷம் ஒருநாள் ஒர்க்ஷாப்பில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. ஒரே மகள் ஜெனிபர், நர்ஸ். ஜெர்மனியில் வேலை கிடைத்து மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும். அப்பாவின் ஏழு சட்டைகளை வெட்டி மகளுக்கு ஒரு குயில்ட் தைத்துத் தர வேண்டும் என்று லூர்து கேட்டாள். பாலித்தீன் கவரில் போட்டு, வாயை இறுகக் கட்டி, மேலே ஒரு சீட்டுக் குத்தியிருந்தாள்: ‘துவைக்க வேண்டாம்.’

காரணம் எழுதவில்லை. பத்துப் பெண்கள் நடுவில், என் புருஷனின் வியர்வை வாசனை போய்விடும் என்று எந்தப் பெண்பிள்ளை சொல்வாள்?

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது மேஜை மேல் ஏழு சட்டையும் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மொடமொடவென்று அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. “வொலா!” என்றார் மதாம், மிகப் பெருமையாக.

லூர்து ஒரு சட்டையை எடுத்தாள். முகத்தில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து வைத்தாள். ஏழு சட்டைகளையும் அப்படியே மோந்து பார்த்தாள்.

“வாசன போச்சே மதாம்.”

“வாசனையா? அழுக்குதான்டி இருந்துச்சு. ரெண்டு தண்ணி கறுப்பா போச்சு.”

“ஒரு வருஷமா கவர்ல கட்டி வெச்சிருந்தேன். பாப்பா அங்க போயி தனியா இருப்பா, அப்பா வாசனயாச்சும் கூட இருக்கட்டும்னு...”

லூர்து சட்டைகளை அங்கேயே வைத்துவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள். கூடத்தில் ஒரு மெஷினும் ஓடவில்லை. மதாமுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாய் மட்டும் இறங்கவில்லை.

“காரணத்த எழுத வேணாமா? லீவு லெட்டர்லயே காரணம் எழுதணும்.”

எனக்கு வந்த கோபத்தில், “நீங்கல்லாம் ஒரு மனுஷியா மதாம்?” என்று கத்திவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அவர் எங்கள் வாயை நம்பாமல் போனதற்கு மூலகாரணமே என் அரக்குத் துணி. அதை யாரும் ஞாபகப்படுத்திவிடக் கூடாதே என்று நைசாக வெளியே வந்துவிட்டேன்.

திங்கள்கிழமை காலையில் மதாமிடமிருந்து போன். “கதக்காரி, ஸ்கூட்டர எடுத்துகினு வா. உன் மூக்கு நல்லா வேல செய்யுதா?”

மைக்கேலின் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். அவருடைய கூட்டாளி சேகர்தான் இப்போது அதை நடத்துகிறார். மதாம் நேராகப் போய், “மைக்கேலு தலைக்கு என்னா எண்ண தேய்ப்பாரு? கையில எந்த கிரீஸு? என்னா தைலம் பூசுவாரு?” என்று வரிசையாகக் கேட்டார்.

“தேங்கா எண்ணதான் மதாம். கழுத்து வலிக்கு நீலகிரித் தைலம். கிரீஸு இதோ இந்த டப்பா. எதுக்கு மதாம்?”

“எதுத்துப் பேசாத. இத போட்டுக்க.” பையிலிருந்து ஒரு பழைய வெள்ளைச் சட்டையை எடுத்தார். நாலு நாள் கழற்றாமல் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும், குளிக்கக் கூடாது என்று உத்தரவு. சேகருக்கு நாற்பத்தெட்டு வயது, பேரன் இருக்கிறான். அவர் பள்ளிக்கூடப் பையன் போலப் போட்டுக்கொண்டார்.

அந்த நாலு நாளும் மதாம் சும்மா இருக்கவில்லை. மருந்துக் கடையில் ஒவ்வொரு தைலமாகத் திறந்து மோந்து பார்த்தார். ஆட்டோ ஸ்டாண்டில் காக்கிச் சட்டைக்காரர்கள் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுத்தார். ஒருவர் பயந்துபோய் என்னிடம், “அந்த அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா மேடம்?” என்று கேட்டார். ‘மைக்கேல் வாசனை’க்காக முத்தியால்பேட்டை ஆண்களை எல்லாம் நான் மோந்து பார்த்து மார்க் போட வேண்டியிருந்தது. என் புருஷனுக்கு இந்த விஷயம் இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதுதான் தெரிய வரும்.

வெள்ளிக்கிழமை சேகரின் சட்டையை வாங்கிக்கொண்டு லூர்து வீட்டுக்குப் போனோம். மதாம் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சட்டையை நீட்டி, “மோந்து பாரு” என்றார்.

லூர்து எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு மோந்து பார்த்தாள்.

“இது சேகரண்ணன் வாசன மதாம்.”

ஒரு விநாடி மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது லூர்துதான். மைக்கேல் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துச் சிரித்து, அப்படியே தேம்ப ஆரம்பித்துவிட்டாள். “அது வராது மதாம். வுட்டுடுங்க.”

மதாம் விடவில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “அவரு தலகாணி எங்க?”

“பரண் மேல கெடக்குது. ஆனா முப்பதாம் நாளு வீடு கழுவினப்போ உறைய எல்லாம் தொவச்சிட்டேன் மதாம்.”

“பஞ்ச தொவச்சியா?”

“இலவம்பஞ்ச யாராச்சும் தொவைப்பாங்களா?”

“நோன்” என்றார் மதாம். “யாரும் தொவைக்க மாட்டாங்க.”

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த ஜெனிபர் பரணில் ஏறித் தலையணையை இறக்கினாள். மதாம் கழுத்துக் கத்திரியால் ஓரத் தையலைப் பிரித்து, கையை உள்ளே விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்தார். இத்தனை வருஷம் எண்ணெயும் தைலமும் ஊறி மஞ்சளாகிக் கட்டி தட்டிப்போன பஞ்சு. அதைத் தான் மோந்து பார்க்காமல் லூர்துவிடம் நீட்டினார். லூர்து வாங்கி முகத்தில் வைத்தவள், வைத்தபடியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “பாப்பா, அப்பாடி... அப்பா இங்க இருக்கறாருடி” என்றாள். ஜெனிபர் ஓடிப்போய் அம்மாவின் கைக்குள் முகத்தைப் புதைத்தாள். நான் அழுதேன். மதாம் அழவில்லை, தலையணை உறையின் தையல் சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஐந்து நாளும் நாங்கள் பத்துப் பேரும் முறை வைத்துக்கொண்டு தைத்தோம். மேலே ஏழு சட்டை, உள்ளே அந்தப் பஞ்சு. கூடமெங்கும் இலவம்பஞ்சு பறந்தது, எங்கள் மூக்கில் போனது, மதாமின் தலையில் போய் உட்கார்ந்தது. தும்மலுக்கு நடுவே தையல், தையலுக்கு நடுவே தும்மல். கடுகளவு அழுக்கு இருந்தாலும் கொதிக்க வைக்கும் மனுஷி, அந்த எண்ணெய்ப் பஞ்சை ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் கையாலேயே நீவி நீவிப் பரப்பினார். லூர்துவிடம் ‘பர்தோன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அதைச் சொல்லாமல் இருப்பதற்காக ஐந்து நாள் இடுப்பு ஒடிய உழைத்தார். அவ்வளவு திமிர்.

ஜெனிபர் போய் ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை வீடியோவில் வந்தாள். தோளைச் சுற்றிப் போர்வை. லூர்து போனை மதாமிடம் கொடுத்தாள்.

“ரூம்ல கூட இருக்கற பொண்ணு, இது என்னா வாசனன்னு கேக்கறா மதாம்.”

“நீ என்னா சொன்ன?”

“எங்கப்பான்னு சொன்னேன்.”

மதாம் “தொவச்சிடாதடி” என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலப் பூசைக்கு நான்தான் அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஒரு குறையும் சொல்லாமல், என் தோளைத் துப்பட்டாவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதும் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் காலை ஊன்றினார்; அந்த மனுஷிக்கு இவ்வளவு வயதாகிவிட்டது எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் துப்பட்டாவில் அவர் பிடித்த இடத்தில் தையல் மெஷின் எண்ணெயும் கஞ்சியும் கலந்த வாசனை. அந்தத் துப்பட்டாவை நான் இன்னும் துவைக்கப் போடவில்லை.