சுவர்க்கோழிக்கு முந்தின நாள் விருந்து

மாலாங்,
ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பி ஹர்தோயோவுக்கு,

அண்ணன் சுமார்ஜி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் மனைவி ரெத்னோவும் சிடோஆர்ஜோ வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். என் சுகத்தை ஞாயிறுதோறும் நீயே வந்து பார்த்துவிட்டுப் போவதால் அதை எழுதித் தாளை வீணாக்கவில்லை.

அப்பா நம் இருவர் பேருக்கும் விட்டுப்போன இந்த வீட்டை விற்கும் பத்திரத்தில் நான் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டிருந்தாய். காப்பிக் கடை வைக்கப்போகிறவர் காத்திருக்கிறார், அடுத்த மாதம் சுவரை இடிக்க வேண்டும், எனக்கென்று உன் வீட்டுப் பின்னால் தண்ணீர் மோட்டாரை ஒட்டிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. எல்லாம் நியாயம். தாமதத்துக்குக் காரணம் நீ கொடுத்த பச்சோந்திகள்தான்.

உன் அண்ணி சுலாஸ்த்ரி போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள், எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று இரண்டு கூண்டுகளைக் கொண்டுவந்து இறக்கினாய். "ரெண்டும் ஆம்பளைதாண்ணா. வம்பு தும்பு கிடையாது, சத்தமே போடாது" என்றாய். பச்சோந்தி சத்தம் போடாது என்பது உண்மை. அதன் சாப்பாடு போடும். பறவைச் சந்தையில் பூச்சி விற்கும் வார்னியிடம் முந்நூறு சுவர்க்கோழி வாங்கி, முட்டை அட்டைகளை அடுக்கிய பெட்டியில் சமையலறையில் வைத்தேன். வார்னி என்னை மரியாதையாக 'பாக்' என்று கூப்பிட்டு ஒரே ஒரு பாடம்தான் நடத்தினாள்: "பூச்சி எதைத் தின்னுச்சோ அதான், பாக், பச்சோந்தி வயித்துக்குப் போகும். அதனால குடுக்கிறதுக்கு முந்தின நாள் அதுங்களுக்கு நல்லாத் தின்னக் குடுங்க. கேரட்டு, பப்பாளி இலை, பூசணின்னு எதையும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க." அன்றிலிருந்து நான் நூடுல்ஸ் தின்றேன், அவை கேரட் தின்றன. சுலாஸ்த்ரியின் நூறாம் நாள் ஓதலுக்குத் தெருவே வந்து பாயில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே சுவர்க்கோழிகள் அத்தனையும் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. ஓதுகிறவர் குரலை உயர்த்தினார், அவையும் உயர்த்தின. தெருத் தலைவர் துக்கிமான், "யாருய்யா உள்ள, நமக்கு முன்னாடியே ஆமீன் சொல்றது?" என்றார். சிரிக்கக் கூடாத இடத்தில் நாற்பது பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்திருப்பாள். அந்தக் கூட்டத்தில் யாரோ பெட்டியை இடறிவிட, தப்பியவை அலமாரிக்குள் புகுந்து, அவள் கல்யாணத்தன்று கட்டிய பாத்திக் துணியைக் கொசுவலை ஆக்கிவிட்டன. சுவர்க்கோழி பஞ்சு தின்னும், நூல் தின்னும், தாளும் தின்னும் என்று வார்னி பிறகு சொன்னாள். முன்னாலேயே சொல்ல அவளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. சுவர்க்கோழி வேண்டாம் என்று புழுவுக்கு மாறினேன். அவை தெர்மாகோல் பெட்டியைத் துளைத்துக்கொண்டு என் மெத்தைக்குள் குடியேறின. மறுபடி சுவர்க்கோழிக்கே திரும்பினேன்.

இதற்குள் இரண்டாவது பச்சோந்தி பருக்க ஆரம்பித்தது. நீதான் ஆண் என்றாயே, தின்று கொழுக்கிறது என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்தேன். அது கிளையை விட்டிறங்கிக் கூண்டின் தரையைப் பிறாண்டியது. நடை பழகுகிறது என்று நினைத்தேன். உடம்பெல்லாம் கரும்பச்சையாகி, மஞ்சளும் நீலமுமாகப் பொட்டுகள் பூத்தன. தெருவே வந்து பார்த்து வியந்தது. நீயும் அந்த ஞாயிறு வந்து, "என்னா அழகு பாருங்கண்ணா! உங்க மூஞ்சியிலயும் ஒரு களை வந்திருக்கு" என்றாய். புதன்கிழமை அது செத்துக் கிடந்தது. வார்னி வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "பொம்பளை பாக் இது. உள்ள முப்பது முட்டைக்குக் குறையாது. ஆம்பளை இல்லாமலே வைக்கும். அந்த நெறமெல்லாம் அழகு இல்ல, அவஸ்தை. தோண்ட ஒரு வாளி ஈர மணல் கேட்டிருக்கு, பாவம். இடம் இல்லன்னா உள்ளயே வச்சுக்கிட்டுச் செத்துப்போகும்." கொய்யா மரத்தடியில் நான் தோண்டினேன். நல்ல ஈர மண், ஒரு முழம் ஆழம்.

உனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "ஒரு ஓணானைக் காப்பாத்தத் தெரியல, உங்களுக்கு எதுக்குண்ணா இவ்ளோ பெரிய வீடு?" என்றாய். மிஞ்சியிருக்கும் ஆண், அதற்குத் துமெங்குங் என்று பேர் வைத்திருக்கிறேன், பழைய ஜில்லா அதிகாரி மாதிரி ஓரடி வைத்து ஓரடி யோசிக்கிறது. மோட்டார் அதிர்வு அதற்கு ஆகாது. காப்பிக் கடைக்காரர் அதைக் கடையிலேயே அலங்காரமாக வைத்துக்கொள்வார் என்று நீ சொன்னாய். நாள் முழுக்க ஆட்கள் சுற்றி நின்றால் அதன் நிறமும் பிரமாதமாகத்தான் வரும்.

நீ கொண்டுவரும் கோழி, அவகாடோ, அடுக்குக் கேக், சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் நன்றி. இருபது வருடத்தில் மூன்று முறை வந்தவன், மார்ச்சிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. போன வாரம் பூச்சி கொடுக்க வந்த வார்னி மேசையைப் பார்த்துவிட்டு, "யாரு பாக் உங்களுக்கு இவ்ளோ தீனி போடுறது?" என்று கேட்டாள். தம்பி என்றேன். "நாளைக்கு என்ன விசேஷம்?" என்றாள்.

அறியாதவள், விட்டுவிடு. நான் முடிவு செய்துவிட்டேன். வரும் ஞாயிறு கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சாமான் அதிகமில்லை, சிறிய வண்டி போதும்.

ரெத்னோவுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் அரிசியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
சுமார்ஜி

பி.கு.: பத்திரத்தை ஈரம் படாத இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தாய். ஈரம் பட்டால் சுவர்க்கோழி செத்துவிடும் என்பதால் நான் தினமும் துடைத்துக் காயவைப்பது அந்தப் பூச்சிப் பெட்டி ஒன்றைத்தான். அதில் வைத்தேன். இன்று காலை திறந்தால் முத்திரை வில்லையின் ஒரு மூலை மட்டும் மிச்சம். துமெங்குங் பசியோடு ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பூச்சி தின்றதுதானே அதன் வயிற்றுக்குப் போகும்? அந்தத் தாளைத் தின்றவற்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் கொய்யா மரத்தடியில் விட்டுவிட்டேன். வேறு நகல் கொண்டுவருவதானால் தாராளமாக வா. வார்னியிடம் புதிதாக முந்நூறு வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் தீனி போடவில்லை.