மச்சான் வண்டியை நான் கவிழ்த்த கதை

இந்த உலகத்தில் மதிப்புள்ளவை எல்லாம் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. தென்னை நிற்கிறது. தேர் நிற்கிறது. மழைகூட நின்றவாக்கில்தான் இறங்குகிறது. மனிதன் இரண்டு காலில் நிமிர்வதற்கு எத்தனை யுகம் பிடித்தது! அவனைப் படம் பிடிக்கிற கேமராவை மட்டும் எவனோ படுத்தவாக்கில் செய்து வைத்துவிட்டான். அது இன்னும் மதியத் தூக்கத்திலேயே கிடக்கிறது.

இப்படியெல்லாம் யோசிக்கிறவன் கையில் கேமராவைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தார்கள்.

நான் வசன கவிதை எழுதுகிறவன். (படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரை எனக்கு நேரிலேயே தெரியும்.) குடியிருப்பு ராசிபுரம். பெண்ணெடுத்தது திருச்செங்கோட்டில், ரிக் வண்டி வைத்திருக்கும் குடும்பத்தில். லாரியின் மேல் இரும்புக் கோபுரத்தை நிறுத்தி, ஊர் ஊராகப் போய் போர் போடுகிற வண்டி. என் மனைவி பூங்கொடியின் அண்ணன், அதாவது என் மச்சான், பூமிக்குள் ஆயிரம் அடி போய்த் தண்ணீரோடு திரும்புகிறவர். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் ஆயிரம் அடி போய் வெறுங்கையோடு திரும்புகிறவன். அந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஒரு கல்யாணத்தில் கல்கண்டுத் தட்டைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். அன்றைக்கு மேகம் பிரமாதமாக இருந்தது. குனிந்து பார்த்தபோது தட்டில் எறும்புகளுக்கு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் "மாப்ள, நீங்க உக்காருங்க" என்பார்கள். கேட்பதற்கு மரியாதை போலவே இருக்கும்.

மச்சானுக்கு மணிவிழா வந்தது. பூங்கொடி அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டாள்.

"எல்லா ஊட்டு மாப்ளையும் ஓடியாடி வேலை பாக்கறாங்க. என்ற ஊட்டுக்காரரு மட்டும் விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் உக்காந்துட்டே இருக்கோணுமாண்ணா? அவரு நல்லா போட்டோ எடுப்பாரு. அந்த வேலையக் குடு."

மச்சான் வெகுநேரம் மீசையைத் தடவினார். "செரி. மண்டபத்துல பெரிய ஸ்க்ரீன் வெக்கறோம். குடும்பப் படமெல்லாம் அதுல ஓடோணும். மாப்ளையே பாத்துக்கட்டும். ஆனா பூவு, ஏதாச்சும் கோளாறுன்னா ஒறம்பரைக்கு முன்னால நீதான் பதில் சொல்லோணும்."

"சொல்றேன்" என்று வந்துவிட்டாள். வீட்டில் என் முன்னால் உட்கார்ந்து, "ஏனுங்க, இந்த ஒரு வாட்டி என்ற மானத்தக் காப்பாத்துங்க. கவிதையெல்லாம் வேண்டாமுங்க. மூஞ்சி தெரிஞ்சாப் போதும்" என்றாள்.

நான் வாக்குக் கொடுத்தேன். பிறகு வழக்கம்போல் கவிதைக்குப் போய்விட்டேன்.

எடுத்த படங்களில் முக்கால்வாசி நெட்டையான படங்கள். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு மனிதனையும் ஒரு கோபுரமாக எடுத்தேன். மகுடம் என்று நான் நினைத்தது புது ரிக் வண்டிக்கு மலையடிவாரத்தில் பூஜை போட்ட அன்று எடுத்தது. கோபுரத்தை நிமிர்த்தி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். நான் புது வேட்டியோடு மண்ணில் மல்லாந்து படுத்து எடுத்தேன். வண்டி, மாலை, வானம். மனித வாடையே கிடையாது.

மச்சான் கேமராவுக்குள் எட்டிப் பார்த்தார். "இதுல நான் எங்கீங்க மாப்ள?"

"அந்தக் கோபுரமே நீங்கதானே மச்சான்."

அவர் தங்கையைத் தேடிக்கொண்டு போனார். மறுநாளே வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்பியது. பாவாயியக்காவின் மகன் குமரேசன் அதில் டிரில்லராகப் போனான். பாவாயியக்கா மச்சானுக்குப் பங்காளி வீடு. ஒரே மகன்.

இனிமேல்தான் கம்ப்யூட்டர் வருகிறது. பொறுமையாகக் கேளுங்கள், எனக்கு இன்றைக்கும் பொறுமை இல்லை.

கேமராவை ஒயரில் மாட்டினேன். படங்களை இறக்குவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் பணிவாக ஒரு கேள்வி கேட்டது: நெட்டைப் படங்களை நானே திருப்பி வைக்கட்டுமா? பக்கத்திலேயே ஒரு டிக் மார்க். அதை விட்டுத் தொலைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் படத்துக்கு எது மேல், எது கீழ் என்று இந்தத் தகர டப்பாவா முடிவு செய்வது? டிக்கை எடுத்துவிட்டேன்.

படங்கள் இறங்கின. நெட்டைப் படம் அத்தனையும் படுத்துக்கிடந்தது. மச்சான் படுத்திருந்தார். சம்பந்திகள் படுத்திருந்தார்கள். முருகன் கோயில் கொடிமரம் படுத்திருந்தது. ஒரு கிராமமே வெயில் தாங்காமல் சாய்ந்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து, வலப்பக்கம் திருப்பி, சேமித்து, அடுத்ததைத் திறந்தேன். பகல் பகலாக இதே வேலை.

"மொத்தமாத் திருப்ப வழியில்லீங்களா?" என்றாள் பூங்கொடி, காபியை வைத்துவிட்டு.

"ஒவ்வொருத்தரையும் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துறேன். இது ஒரு தவம்."

"தவமோ கிவமோ, மண்டபத்துல ஒருக்கா போட்டுப் பாத்துருங்க."

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கேமராவைத் திருப்பிப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் அது படத்துக்குள் ரகசியமாக ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது: 'இது நெட்டைப் படம், காட்டும்போது திருப்பிக் காட்டு.' என் கம்ப்யூட்டர் கிழடு, படத்தை இறக்கும்போது மட்டும்தான் அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியும்; அதையும் நான் டிக்கை எடுத்துத் தடுத்துவிட்டேன். ஆகவே படுக்க வைத்தே காட்டியது. நான் கையால் நிமிர்த்தினேன். குறிப்போ உள்ளேயே அழியாமல் இருந்தது. குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஏதாவது ஒரு கெட்டிக்கார லேப்டாப்பிடம் இந்தப் படங்கள் சிக்கினால், நான் நிமிர்த்தியதை அது மறுபடியும் திருப்பும்.

மண்டபத்தில் இருந்தது அப்பேர்ப்பட்ட கெட்டிக்கார லேப்டாப்.

பென் டிரைவை ஸ்க்ரீன்காரரிடம் கொடுத்தேன். (போட்டுப் பார்த்தேனா? பந்தியில் பணியாரம் போட்டிருந்தார்கள். இதற்கு மேல் கேட்காதீர்கள்.) முதலில் ஓடியவை அகலப் படங்கள். கூட்டுக் குடும்பம், கோயில் குளம், மலையின் முழு நீளம். ஜனங்கள் "அட, அட" என்றார்கள். மச்சான் மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து எனக்கு ஒரு தலையசைப்பு தந்தார். கல்யாணமானதிலிருந்து அவரிடம் நான் வாங்கிய முதல் தலையசைப்பு. பூங்கொடி கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவளிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள்.

அடுத்தது ரிக் வண்டி.

சுவர் அளவு திரையில் வண்டி பக்கவாட்டில் கிடந்தது. கோபுரம் தரையோடு தரையாக நீண்டிருந்தது. சக்கரங்கள் அத்தனையும் காற்றைப் பார்த்திருந்தன. அதன் மேல் மாலை. அந்த நேரம் பார்த்துத்தானா மேளக்காரர் மூச்சு வாங்க நிறுத்த வேண்டும்?

"ஏனப்பா, வண்டி சாஞ்சு போச்சாட்ட இருக்குது?" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

"நம்ம புது வண்டிங்க அது! சத்தீஸ்கர் போன வண்டி!"

"மாலை வேற போட்டிருக்குது பாரு."

மண்டபம் முழுக்க ரிக் தொழில் குடும்பங்கள். வண்டி சாய்கிறது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். செய்தி பந்தி வரைக்கும் போய், பாயசம் குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. திரும்பும்போது வண்டியில் இருந்த ஆளுக்கும் அடி என்று சேர்த்துக்கொண்டு வந்தது. பாவாயியக்கா எழுந்து நின்றார். பிறகு பைக்குள் போனைத் தேடினார்.

"என்ற சாமி அந்த வண்டிலதான இருக்கறான்..."

நான் ஸ்க்ரீன்காரரிடம் பாய்ந்தேன். "நிறுத்துங்க! திருப்புங்க!"

"நிறுத்தோணுமா, திருப்போணுமா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. நீங்க குடுத்ததத்தான் நான் ஓட்டறேன்."

அவரைத் தள்ளிவிட்டு நானே திருப்பும் பொத்தானை அமுக்கினேன். வீட்டில் பழகிய கை அல்லவா? அதுவாகவே வலப்பக்கத்துக்குப் போயிற்று. சாய்ந்து கிடந்த வண்டி இன்னொரு கால் சுற்று சுற்றி, கோபுரத்தைத் தரையில் ஊன்றி, சக்கரங்களை வானத்துக்குக் காட்டி, தலைகீழாக நின்றது.

"ஐயையோ, கவுந்தே போச்சு!" என்றது மண்டபம்.

அத்தோடு லேப்டாப் உறைந்துவிட்டது. ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். அந்த வட்டத்துக்கு என்ன கவலை? அது சுற்றியது. மேடைக்குப் பின்னாலிருக்கும் ஒயரைப் பிடுங்க ஓடினேன். பிடுங்கினேன். மைக் அணைந்தது. ஸ்க்ரீன் அணையவில்லை.

பூங்கொடி பாவாயியக்காவின் போனை வாங்கிக் குமரேசனை அழைத்துக்கொண்டிருந்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கண்ணில் திட்டு இல்லை. 'நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்?' என்ற பயம்தான் இருந்தது. அந்த நொடியில் எனக்கே அந்த வண்டி கவிழ்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. (எடுத்தவன் நான். திருப்பியவன் நான். எனக்கே!)

போன் அடித்தது. வீடியோ கால். பாவாயியக்கா போனை வாங்கிக் குறுக்கே பிடித்துக்கொண்டார். திரையில் குமரேசன் பக்கவாட்டில் கிடந்தான்.

"சாமீ! ஏஞ்சாமி படுத்திருக்கற? ஆஸ்பத்திரியா?"

"படுக்கலீம்மா, நின்னுட்டுத்தான் இருக்கறேன். போரு ஓடுது, சத்தத்துல போன் கேக்கல. எதுக்கு இத்தன வாட்டி கூப்புட்டீங்க?"

"வண்டி?"

"வண்டிக்கென்ன? இந்தா."

அவன் வண்டியைக் காட்டினான். அதுவும் பக்கவாட்டில் தெரிந்தது. பாவாயியக்கா தலையை இடது தோளில் சாய்த்துப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த சொந்தமும் தலையைச் சாய்த்தது. பின்னாலிருந்தவர்கள் சாய்த்தார்கள். ஒரு கூட்டமே காற்றடித்த கரும்புத் தோட்டமாக ஒரு பக்கம் வளைந்தது. அப்படி வளைந்து பார்த்தபோது, வண்டி சேற்றைப் பீய்ச்சிக்கொண்டு கம்பீரமாக நின்றது.

போனை நேராகப் பிடிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் பிடுங்கிய ஒயரை ஸ்க்ரீன்காரர் மறுபடி மாட்டினார். மச்சான் மேடையிலிருந்து இறங்கி மைக்கை வாங்கினார். பூங்கொடி எழுந்து நின்றாள். பதில் சொல்ல வேண்டியவள் அவள்தானே. மச்சான் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் தலைகீழாக நின்ற தன் வண்டியைப் பார்த்தார்.

"ஒறம்பரையெல்லாம் ஒருத்தரும் பயப்படாதீங்க. வண்டி நல்லா நிக்குது. எங்க மாப்ளதான் சாஞ்சுட்டாரு."

முதலில் சிரித்தது பாவாயியக்கா. அழுகையோடு வந்த சிரிப்பு. அப்புறம் மண்டபம். கடைசியாகப் பூங்கொடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. உட்கார்ந்த பிறகும் அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அந்த டிக்கு அங்கயே இருந்தா உங்களுக்கு என்னங்க பண்ணும்?"

நான் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு திருச்செங்கோட்டில் எனக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. வாசலில் என்னைக் கண்டதும் தலையை இடது தோளில் சாய்த்து, "வாங்க மாப்ள" என்கிறார்கள். நேற்றுப் பேச்சு வந்த குழந்தையும் சாய்க்கிறது. குமரேசன் லீவில் வந்தபோது மச்சான் வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார்கள். எடுப்பதற்கு வேறு ஆள். என்னை நடுவில் நிறுத்தினார்கள். நடுவில் ஏன் நிறுத்தினார்கள் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. மரியாதை கூடிவிட்டது என்றே நினைத்து மார்பை நிமிர்த்தி நின்றேன். மச்சான் கையால் ஏதோ ஜாடை காட்டினார். என்னைத் தவிர அத்தனை பேரும் தலையைச் சாய்த்துவிட்டார்கள்.

அந்தப் படம் இப்போது மச்சான் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, நடுவில் ஒன்று மட்டும் நேராக நிற்பதால், கேட்கிறவர்கள் எல்லோரும் என்னைக் காட்டியே கேட்கிறார்கள்:

"ஏனுங்க, இவரு மட்டும் ஏன் இப்படிக் கோணலா நிக்கறாரு?"