தெற்குச் சுவரோரம் மூன்று கறிவேப்பிலைக் கன்றுகள்

ஒக்லாந்து, செப்டெம்பர்

அன்பும் மரியாதையும் நிறைந்த சோதிலிங்கம் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் தியாகலிங்கம் எழுதுவது. இங்கே நான் சுகம், மூன்று கன்றுகளும் சுகம். ரொறன்ரோவில் உங்கள் சுகத்தையும், அக்காவின் முழங்கால் எப்படி என்பதையும் அறிய ஆவல். போனில் எடுத்தால் நீங்கள் என்னைக் கதைக்க விடமாட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

மகள் பிரணவியின் பிள்ளைப்பேறு பார்க்கத் தமயந்தி மே மாதம் பிறிஸ்பேனுக்குப் போனது தெரியும்தானே. போகும்போது, விதை போட்டுத் தன் கையால் முளைக்க வைத்த மூன்று கறிவேப்பிலைக் கன்றுகளைக் காட்டி, முளைத்தது இவ்வளவுதான் என்று சொல்லி, "இஞ்சேருங்கோ, குளிர் முடியும்வரைக்கும் இதுகளைச் சாகாமல் வச்சிருங்கோ. இதாவது உங்களால ஏலுமோ?" என்று கேட்டாள். ஓய்வுபெற்ற பிறகு நான் திருத்தப்போன வாஷிங் மெஷினும் வேலிக் கதவும் போன கதியால் வந்த கேள்வி அது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. கொட்டும் பனிக்குள்ளும் கறிவேப்பிலை வளர்க்கிற மனிதர் என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மே மாதம் வெளியில வை, ஒக்டோபர்ல உள்ளுக்கு எடு, தெற்குச் சுவரோட வை, வெயில் நல்லாப் படும்." அப்படியே செய்தேன். அத்தான், இங்கே மே மாதம்தான் குளிரே தொடங்குகிறது! இருபது வருஷம் இங்கே இருக்கிறவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நீங்கள் கதைக்கிற விதத்தில் ஒருத்தனுக்குக் கலண்டரிலேயே சந்தேகம் வந்துவிடும்.

இலையெல்லாம் மஞ்சளாகி விழத் தொடங்கியது. பக்கத்து வீட்டு பாஸ்கரன், மதுரைக்காரர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "சார், இந்த ஊர்ல சூரியன் வடக்குப் பக்கமாத்தான் போகும். எதுக்கு இதுங்கள ஃப்ரிட்ஜுல வச்ச மாதிரி வச்சிருக்கீங்க?" என்றார். ஐயோ என்று தூக்கிக்கொண்டு ஓடி, சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள் வைத்து, என் கம்பளிச் சுவெட்டரையும் சுற்றிவிட்டேன். இருட்டுக்குள் மிச்ச இலையும் கொட்டிப்போய் மூன்று ஈர்க்குக் குச்சிதான் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தமயந்தி வீடியோவில் வந்தாள். பேரனைக் காட்டுமுன் கன்றைக் காட்டச் சொன்னாள். நான் கடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கி வந்து, தொட்டிக்குள் குத்திவைத்துக் காட்டினேன். "ஒரு கிழமையில எப்பிடியப்பா இவ்வளவு செழிச்சது?" என்றாள். எல்லாம் சோதி அத்தானின் ஆலோசனை என்று சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்கரன்தான் வந்து, "தண்டை நகத்தால லேசாக் கீறிப் பாருங்க சார். பச்சையா இருந்தா உசிரு இருக்கு" என்றார். கீறினேன். பச்சை! மூன்றும் பச்சை! வெட்கமில்லாமல் எழுதுகிறேன் அத்தான், நான் அழுதுவிட்டேன். பிறகு வடக்கு யன்னலோரம் வைத்து, மண் நன்றாகக் காய்ந்தபின் மட்டும் ஒரு வாய் தண்ணீர். காலைத் தேத்தண்ணியை அதுகளோடு குடிப்பேன். பேப்பரில் வரும் ஊர்ப் புதினம் வாசித்துக் காட்டுவேன். போன கிழமை மூன்றிலும் துளிர் வந்துவிட்டது. தமயந்தி வந்து பார்க்கட்டும். இனிமேல் உங்கள் ஆலோசனை எனக்கு வேண்டாம். நான் இப்போது அனுபவசாலி.

அக்காவின் கால் விரைவில் குணமாக வேண்டுகிறேன். உங்கள் மரத்துக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தியாகலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தமயந்தி வந்துவிட்டாள். கன்றுகளைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "இதுகள் கழிச்சுவிட்ட கன்றெல்லோ! நல்ல ஆறையும் அம்புஜத்திட்டக் குடுத்திட்டுத்தான் போனனான். உங்களுக்குப் பொழுது போகட்டுமெண்டுதான் இதுகளை விட்டனான்." அம்புஜம் பாஸ்கரனின் மனைவி. என் முகம் செத்துப்போயிற்று. அந்த நேரம் அம்புஜம் வாசலில் ஆறு தொட்டிகளோடு வந்து நின்றார். எல்லாம் அழுகிப்போன குச்சி. "அக்கா, ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தி, கொழந்த மாதிரி பாத்துக்கிட்டேனே!" பின்னால் பாஸ்கரன் தலை குனிந்து நின்றார். அவர் வீட்டில் அவர் சொல் எடுபடுவதில்லை. தமயந்தி கப்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு என் கன்றுகளிடம் போனவள், நின்று திரும்பி, "இஞ்சேருங்கோ, இண்டைக்குத் தண்ணி விடலாமோ?" என்று என்னைக் கேட்டாள்.

நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.