முனி போட்ட கவ்வாத்து

வட்டகொடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் முனி இறங்கிவிட்டார் என்ற செய்தி மழைக்காலக் கொழுந்தைவிட விரைவாகத் துளிர்த்துப் பரவியது. பூண்டுலோயாவிலிருந்தும் சனம் வந்தது. கோழி வந்தது, தேங்காய் வந்தது. அறிவு மட்டும் பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டது.

காட்சி அற்புதமே. விறகுக்கென நட்ட யூக்கலிப்டஸ் இளமரங்களில் கீழ்க்கிளைகள் யாவும் கருகித் தொங்கின; மேலே தளிர்கள் பச்சைப்பசேலென்று சிரித்தன. கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பட்ட தடமே இல்லை.

"மருந்துன்னா மரம் முழுக்கச் சாகணும். பாதி காய்ஞ்சு பாதி தழைச்சா அது முனி கைதான்," என்றான் மாயாண்டி. போன மாதம்வரை தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவன். இன்று நெற்றி நிறையத் திருநீறு பூசிய சாமியாடி. அண்டங்களை அந்தரத்தில் நிறுத்திய பரம்பொருள் ஒரு சேவலுக்காக மரக்கிளையில் வந்து தொங்குவான் என்று நம்புவதற்குத்தான் எத்தனை பக்தி வேண்டும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காளியாயியின் நிலைமைதான் மோசம். மாயாண்டியின் வாயால் முனி கேட்டது அவளுடைய சினையாட்டை. அது ஈன்றால்தான் அவள் மகளுக்குப் பால். பக்கத்து வீட்டு அழகம்மாவோ கயிற்றை அவிழ்க்கவே வந்துவிட்டாள்.

"குடுத்துரு புள்ள. முனி கோவிச்சா நம்ம பேரிக்கா மரமெல்லாம் போயிரும்."

"முனி எவ்வளவு ஒசரம்க்கா?"

"பனை ஒசரம்னு சாமி சொல்லிச்சே."

"பனை ஒசரத்து ஆளு குனிஞ்சு குனிஞ்சா கவ்வாத்து வெட்டும்? காய்ஞ்ச கெளையெல்லாம் மாயாண்டிண்ணன் கை எட்டுற மட்டுந்தான் இருக்கு."

அழகம்மா யோசித்தாள். பழக்கமில்லாத வேலை, சற்று நேரமாயிற்று.

அதற்குள் தகரக் குவளையோடு மாயாண்டி வந்தான். பின்னால் கூட்டம்.

"ஆடு வரல. இந்தத் தீர்த்தத்த ஒன் பேரிக்கா மரத்துல தெளிக்கிறேன் தாயி. குத்தம் இருந்தா கெளை காயும்."

"தெளிங்க சாமி. மொதல்ல குத்தமில்லாத எடத்துல தெளிச்சுக் காட்டுங்க. அந்தா, ஒங்க கோவாப் பாத்தியில."

மாயாண்டியின் கோவா, உருண்டு திரண்ட அந்த முட்டைக்கோஸ், தோட்டத் துரையின் பங்களாச் சமையலுக்கே போவது. சாமியின் கை அப்படியே நின்றது.

"கோவாவுக்கு முனி ஆகாது."

"முனி ஆகாட்டிப் போகுது. தீர்த்தமுமா ஆகாது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காளியாயி குவளையைப் பறித்துக்கொண்டு பாத்தியை நோக்கி நடந்தாள். பனை உயர முனியின் தூதர், வேட்டி அவிழ்வதையும் அறியாது ஓடிச் சென்று, கோவாக்களின்மேல் குப்புற விழுந்து அவற்றை ஆரத் தழுவிக்கொண்டார்.

"ஊத்திராத புள்ள. அது புல்லு மருந்து. பட்ட எடம் மட்டும் கருகிப் போகும்."

"அப்ப அந்த மரமெல்லாம்?" என்றாள் அழகம்மா.

"தொரதான் கீழ்க்கெளையக் கத்தியால வெட்டாம மருந்தடிச்சு உதிர்க்கச் சொன்னாரு," என்றது பாத்திக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஆக, துரைக்குச் செய்த வேலைக்கு முனியின் பெயரால் கோழி வசூலாகியிருக்கிறது. சேவல் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அவை குழம்பாகி நாளாயிற்று. காளியாயியின் ஆடு மட்டும் அவள் வாசலில் நின்று அசைபோட்டது.

கும்பிடுவதற்குக் கைகளைத் தந்த இறைவன், அவற்றுக்கு மேலே ஒரு தலையையும் வைத்துத்தான் அனுப்பினான். அதைத் திருநீறு பூச மட்டுமே வைத்திருப்பது, படைத்தவனுக்குச் செய்யும் அவமரியாதை.